விடுதலையை எதிர்த்து மேலே போவது யார்? சொத்துக் குவிப்பு வழக்கில் கர்நாடகம் செய்த மேல்முறையீடு

ஒரு அமைச்சரோ அதிகாரியோ ஊழல் வழக்கில் விடுதலையானால் மறுநாள் பேச்செல்லாம் நீதிபதியைப் பற்றித்தான் ஓடும். தீர்ப்பு சரியா தப்பா, நீதிபதி யார், எந்த ஊர்க்காரர் என்றெல்லாம் அலசுவோம். அந்த விடுதலையை எதிர்த்து மேலே போகும் உரிமை யாரிடம் இருக்கிறது, அவர் உண்மையிலேயே போவாரா என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. என்னைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். தண்டனை கிடைத்தால் மேல்முறையீடு செய்வது குற்றவாளியின் சொந்தக் கவலை, அவரே ஓடி ஓடிச் செய்துவிடுவார். விடுதலையை எதிர்த்துப் போக வேண்டியது அரசு. அரசு என்றால் நடைமுறையில் அன்றைக்கு ஆட்சியில் இருப்பவர்கள். விடுதலையானவரே ஆட்சியில் இருந்தால்?

இந்தக் கேள்விக்கு நம் கண்முன்னே விடை கிடைத்த வழக்கு ஜெயலலிதா, சசிகலா, சசிகலாவின் உறவினர்களான சுதாகரன், இளவரசி ஆகியோர் மீதான சொத்துக் குவிப்பு வழக்கு. எல்லோருக்கும் தெரிந்த வழக்குதான். ஆனால் பெங்களூரு தீர்ப்பு, பரப்பன அக்ரஹாரா, சசிகலா சிறைக்குப் போனது என்று மட்டும் அது நினைவில் நின்றுவிட்டது. 2015 மே முதல் 2017 பிப்ரவரி வரை நடந்த அந்த மேல்முறையீட்டைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

சுருக்கமாகப் பின்னணி. 1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரை கணக்கிடும் காலம். தொடங்கும்போது இவர்கள் பெயரில் இருந்த சொத்து சுமார் 2.01 கோடி ரூபாய், முடியும்போது 66 கோடிக்கு மேல் என்பது அரசுத் தரப்பின் வழக்கு. ஜெயலலிதா முதல்வராக மாதம் ஒரு ரூபாய் சம்பளம் வாங்கிய காலம் அது. 1996-ல் ஆட்சி மாறியதும் சுப்பிரமணியன் சுவாமி புகார் கொடுத்தார், அந்த ஆண்டு செப்டம்பரில் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிவு செய்தது, 1997-ல் குற்றப்பத்திரிகை வந்தது, சென்னை தனி நீதிமன்றத்தில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. அதுவரை சாதாரணமான ஊழல் வழக்கின் பாதைதான்.

2001 மே மாதம் அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அங்கேதான் நான் சொல்லும் பிரச்சினை அப்பட்டமாகத் தெரிந்தது. ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்த 76 பேரை மறுபடி கூண்டில் ஏற்ற வேண்டும் என்று குற்றம்சாட்டப்பட்டவர்கள் கேட்டார்கள், அரசுத் தரப்பு மறுப்புச் சொல்லவில்லை, வந்தவர்களில் 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அவர்களைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கக்கூட அரசு வழக்கறிஞர் முனையவில்லை. வழக்கு நடத்துவது தமிழ்நாடு அரசு, அந்த அரசின் தலைமையில் இருப்பவர் முதல் குற்றவாளி. தி.மு.க. பொதுச் செயலாளர் க. அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். 2003 நவம்பர் 18 அன்று நீதிமன்றம் வழக்கையே பெங்களூருக்கு மாற்றியது. அரசு வழக்கறிஞர் குற்றம்சாட்டப்பட்டவர்களோடு கைகோத்திருப்பதாகத் தோன்றுகிறது என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதினார்கள்.

அந்த மாற்றத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. நீதிமன்றக் கட்டடத்தை மட்டும் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாற்றியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கர்நாடக உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியோடு கலந்து அரசு வழக்கறிஞரைக் கர்நாடக அரசு நியமிக்க வேண்டும் என்றும் அந்த உத்தரவு சொன்னது. வழக்கை நடத்தும் கை மாறியது. பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்த மேல்முறையீட்டின் வேர் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

பிறகு 259 அரசுத் தரப்புச் சாட்சிகள், 99 எதிர்த்தரப்புச் சாட்சிகள், எண்ண முடியாத வாய்தாக்கள். 2014 செப்டம்பர் 27 அன்று தனி நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா தீர்ப்புச் சொன்னார். வருமானத்துக்கு மீறிய சொத்து 53 கோடியே 60 லட்சம். நால்வருக்கும் நான்கு ஆண்டு சிறை, ஜெயலலிதாவுக்கு 100 கோடி அபராதம், மற்ற மூவருக்கும் தலா 10 கோடி. முதல்வர் பதவி அன்றே போனது.

விடுதலை எப்படி வந்தது

நால்வரும் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார்கள். அந்த மேல்முறையீட்டில் எதிர் மனுதாரராகச் சேர்க்கப்பட்டது தமிழ்நாட்டு லஞ்ச ஒழிப்புத் துறை. கர்நாடக அரசைச் சேர்க்கவே இல்லை. தமிழ்நாடு தரப்பு, கீழ் நீதிமன்றத்தில் வாதாடிய ஜி. பவானி சிங்கையே உயர் நீதிமன்றத்திலும் ஆஜராக நியமித்தது. தண்டனை பெற்றவரின் கட்சி ஆளும் மாநிலம், அந்தத் தண்டனையைக் காப்பாற்ற வேண்டிய வழக்கறிஞரை நியமித்திருக்கிறது! அப்படிப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும்.

அன்பழகன் மறுபடி உச்ச நீதிமன்றம் போனார். இரண்டு நீதிபதிகள் அமர்வில் மதன் லோகூர் ஒரு பக்கம், ஆர். பானுமதி ஒரு பக்கம் என்று கருத்து பிரிந்தது. மூன்று பேர் அமர்வுக்குப் போய், 2015 ஏப்ரல் 27 அன்று தெளிவாகச் சொல்லப்பட்டது: தமிழ்நாட்டுக்கு இந்த வழக்கில் அரசு வழக்கறிஞரை நியமிக்கும் அதிகாரம் கிடையாது, அந்த நியமனம் சட்டப்படி செல்லாது, வழக்கை நடத்தும் உரிமை கர்நாடகத்துக்கு மட்டும்தான். ஆனால் அதற்குள் உயர் நீதிமன்றத்தில் வாதம் முடிந்து தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருந்தது. மறு விசாரணை வேண்டாம், கர்நாடகமும் அன்பழகனும் எழுத்து மூலம் வாதத்தைக் கொடுக்கலாம் என்றார்கள். கர்நாடகத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். மூத்த வழக்கறிஞர் பி.வி. ஆச்சார்யா மறுநாளே எழுத்துபூர்வ வாதத்தைத் தாக்கல் செய்தார். கடலளவு ஆவணம் இருக்கும் வழக்கில், வாய்மொழி வாதத்துக்கு இடமே இல்லாமல், ஒரு நாளில் எழுதிக் கொடுத்ததுதான் தண்டனையைக் காக்க உரிமையுள்ள தரப்பு அங்கே வைத்த மொத்த வாதம். அந்த இடத்தில் உச்ச நீதிமன்றம் இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. நியமனம் செல்லாது என்று சொல்லிவிட்டு, அந்த நியமனத்தின் கீழ் நடந்த வாதத்தை அப்படியே விட்டது பொருந்தவில்லை.

2015 மே 11. நீதிபதி சி.ஆர். குமாரசாமி 919 பக்கத் தீர்ப்பில் நால்வரையும் விடுதலை செய்தார். 12 நாள் கழித்து, மே 23 அன்று, ஜெயலலிதா மறுபடி முதல்வர்.

ஒரு கூட்டல்

இந்தத் தீர்ப்பின் அடிப்படை ஒரு கணக்கு. நால்வர் மற்றும் அவர்களது நிறுவனங்களின் சொத்து மொத்தம் 37,59,02,466 ரூபாய். வருமானம் 34,76,65,654 ரூபாய். மீறிய தொகை 2,82,36,812 ரூபாய், அதாவது வருமானத்தில் 8.12 விழுக்காடு. கிருஷ்ணானந்த் அக்னிஹோத்ரி என்பவரின் பழைய வழக்கில் உச்ச நீதிமன்றம் பத்து விழுக்காட்டுக்குள் இருந்த மீறலைப் பொருட்படுத்தாமல் விட்டது, ஆந்திர அரசின் சுற்றறிக்கை ஒன்று இருபது விழுக்காடு வரை விடலாம் என்கிறது, எனவே எட்டு விழுக்காடு குற்றமாகாது. இதுதான் தர்க்கம்.

இப்போது அந்த வருமானத் தொகைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வங்கிகளில் வாங்கிய கடனையும் வருமானப் பக்கத்தில் சேர்த்திருக்கிறார்கள். சொத்து வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதானே கேள்வி, கடனில் வந்தது என்று காட்டினால் அது நியாயமான ஆதாரம்தான், கொள்கையளவில் அதில் தவறில்லை. தீர்ப்பில் பத்துக் கடன்கள் அட்டவணையாகப் போடப்பட்டிருக்கின்றன. அடியில் மொத்தம் 24,17,31,274 ரூபாய் என்று இருக்கிறது. இதில் 5,99,85,274 ரூபாயை அரசுத் தரப்பே ஏற்கெனவே வருமானத்தில் காட்டியிருப்பதால் அதைக் கழித்து, மீதி 18,17,46,000 ரூபாயை வருமானத்தில் கூட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பத்து எண்களைக் கையில் எடுத்துக் கூட்டினால் வருவது 10,67,31,274 ரூபாய். வித்தியாசம் சரியாகப் பதின்மூன்றரைக் கோடி.

பதின்மூன்றரைக் கோடியை வருமானத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வருமானம் 21,26,65,654 ஆகிறது. சொத்துத் தொகையில் ஒரு ரூபாய்கூடத் தொட வேண்டாம், உயர் நீதிமன்றம் ஏற்ற 37.59 கோடியையே வைத்துக்கொள்ளுங்கள். மீறிய தொகை 16,32,36,812 ரூபாய். விழுக்காடு 76.76. எட்டு எங்கே, எழுபத்தாறு எங்கே! அந்தத் தீர்ப்பின் சொந்த அளவுகோலான பத்து, இருபது விழுக்காட்டை வைத்துப் பார்த்தாலே விடுதலை நிற்காது. சாட்சியை நம்புவதா வேண்டாமா, ஆவணத்தை எப்படிப் படிப்பது என்பதெல்லாம் கருத்து வேறுபாட்டுக்கு இடமுள்ள விஷயம். கூட்டலில் அப்படி இடமில்லை.

மேல்முறையீட்டுக்குப் பிடி இது ஒன்றுதானா என்றால் இல்லை. கட்டடங்களின் மதிப்பை அரசுத் தரப்பு 27.79 கோடி என்று பொதுப்பணித் துறைப் பொறியாளர்களை வைத்துக் காட்டியிருந்தது. உயர் நீதிமன்றம் அதை 5.10 கோடியாகச் சுருக்கியது. 1995 செப்டம்பரில் நடந்த சுதாகரன் திருமணத்துக்கு 6.45 கோடி செலவு என்பது அரசுத் தரப்பு, விசாரணை நீதிமன்றம் 3 கோடியை ஏற்றது, உயர் நீதிமன்றம் ஏற்றது 28.68 லட்சம். அந்தத் திருமணத்தை நேரில் பார்த்த சென்னைவாசிகள் இன்னமும் இருக்கிறார்கள், அந்தத் தொகையைப் பற்றி நான் வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நமது எம்.ஜி.ஆர். நாளிதழின் சந்தா வைப்புத் திட்டம் என்று காட்டப்பட்ட பணத்தை விசாரணை நீதிமன்றம் பின்னாளில் ஜோடித்த கதை என்று ஒதுக்கியிருந்தது. உயர் நீதிமன்றம் அதிலிருந்து கோடிக்கணக்கில் வருமானமாக ஏற்றது. ஆக, ஒரு பக்கம் சொத்து சுருங்கியது, மறுபக்கம் வருமானம் பெருகியது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் எட்டு விழுக்காடு நின்றது.

யார் போவது

சாதாரணமாக என்ன நடக்கும்? விசாரணை நீதிமன்றம் விடுதலை செய்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 378-ஆவது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 419. மாநில அரசு, அரசு வழக்கறிஞரை மேல்முறையீடு செய்யச் சொல்லலாம். 'லாம்' என்றுதான் சட்டம் சொல்கிறது, கட்டாயமில்லை. காலக்கெடு 90 நாள். உயர் நீதிமன்றம் முதலில் அனுமதி கொடுத்தால்தான் மேல்முறையீடே எடுத்துக்கொள்ளப்படும். 2009 கடைசியில் வந்த திருத்தத்தால் பாதிக்கப்பட்டவரும் நேரடியாக மேல்முறையீடு செய்யலாம், கொலை, பாலியல் குற்ற வழக்குகளில் இது பெரிய ஆறுதல். ஆனால் ஒரு பொது ஊழியர் வருமானத்துக்கு மீறிச் சொத்து சேர்த்த வழக்கில் பாதிக்கப்பட்டவர் என்று யார் வந்து நிற்பது? வரி கட்டும் அத்தனை பேருக்கும்தான் பாதிப்பு, ஆனால் அப்படிச் சொல்லிக்கொண்டு ஒருவரும் உள்ளே நுழைய முடியாது. சீராய்வு மனு போடலாமே என்றால், சீராய்வில் விடுதலையைத் தண்டனையாக மாற்றக் கூடாது என்று அதே பழைய சட்டத்தின் 401-ஆவது பிரிவு, இப்போது சன்ஹிதாவின் 442, தடுக்கிறது, அதிகபட்சம் மறு விசாரணைக்கு அனுப்பலாம். ஆகவே ஊழல் வழக்கில் விடுதலைக்கு எதிரான கதவின் சாவி கிட்டத்தட்ட முழுக்க அரசிடம்தான்.

இங்கே விடுதலை உயர் நீதிமன்றத்தில் வந்தது, எனவே போக வேண்டியது அரசியல் சாசனத்தின் 136-ஆவது பிரிவில் உச்ச நீதிமன்றம். சாவி கர்நாடகத்திடம். சென்னையில் அந்தச் சாவி இருந்திருந்தால் 2015 மே மாதத்தோடு கதை முடிந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கர்நாடகத்திலும் முடிவு சட்டென்று வந்துவிடவில்லை. சித்தராமையா தலைமையிலான காங்கிரஸ் அரசு, தங்களுக்குச் சம்பந்தமில்லாத பக்கத்து மாநில அரசியலில் கைவைக்க வேண்டுமா என்ற தயக்கத்தோடுதான் இருந்தது. தலைமை வழக்கறிஞர் ரவிவர்மகுமாரும் ஆச்சார்யாவும் மேல்முறையீடு செய்யத்தான் வேண்டும் என்று கருத்துக் கொடுத்தார்கள். ஜூன் 1 அன்று அமைச்சரவை முடிவெடுத்தது. ஜூன் 23 அன்று மனு தாக்கலானது. ஜெயலலிதா போட்டியிட்ட ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு ஜூன் 27. அன்பழகனும் சுப்பிரமணியன் சுவாமியும் தனித்தனியாக மனு போட்டார்கள், ஆனால் கனமான மனு கர்நாடகத்துடையதுதான், ஏனென்றால் வழக்கை நடத்தும் உரிமை அதற்குத்தான் என்று இரண்டு மாதம் முன்பே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது.

குற்றம்சாட்டப்பட்டவர்கள் தரப்பின் முதல் வாதங்களில் ஒன்றும் அதைப் பற்றியதுதான். குற்றம் நடந்தது தமிழ்நாட்டில், புலன்விசாரணை செய்தது தமிழ்நாட்டுப் போலீஸ், கர்நாடகத்துக்கு இதில் என்ன வேலை? நீதிமன்றம் ஏற்கவில்லை. 2003 உத்தரவின்படி வழக்கை நடத்த வேண்டியது கர்நாடகம், நடத்துகிறவருக்கு மேல்முறையீடு செய்யும் உரிமையும் உண்டு என்று முடித்தார்கள்.

மேல்முறையீட்டில் எதைக் காட்ட வேண்டும்

விடுதலைக்கு எதிரான மேல்முறையீடு தண்டனைக்கு எதிரானதைவிடக் கடினம். எல்லோருக்கும் குற்றமற்றவர் என்ற அனுமானம் உண்டு, ஒரு நீதிமன்றம் விடுதலையும் செய்துவிட்டால் அந்த அனுமானம் இரட்டிப்பாக உறுதிப்படுகிறது. ஒரே சாட்சியத்திலிருந்து இரண்டு முடிவுகள் நியாயமாக வரக்கூடும் என்றால், மேல் நீதிமன்றத்துக்கு இரண்டாவது முடிவு பிடித்திருந்தாலும் விடுதலையைத் தொடக் கூடாது. 2007-ல் சந்திரப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதிகளைத் தொகுத்துக் கொடுத்திருக்கிறது, அதன் வேர் 1934-ல் பிரிவி கவுன்சில் சொன்ன ஷியோ ஸ்வரூப் தீர்ப்பு வரை போகிறது. லஞ்ச வழக்குகளில் இந்த விதி எத்தனை முறை அரசுத் தரப்பைக் கவிழ்த்திருக்கிறது! ரசாயனம் தடவிய நோட்டு பிடிபட்டிருக்கும், கை கழுவிய கரைசல் இளஞ்சிவப்பாக மாறியிருக்கும், ஆனால் லஞ்சம் கேட்டதை நிரூபிக்காமல் விட்டிருப்பார்கள். கேட்டதும் வாங்கியதும் இரண்டும் நிரூபணமாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதியாகச் சொன்னது. புகார்தாரர் இறந்துபோனாலோ பிறழ்ந்தாலோ சூழ்நிலைச் சாட்சியத்தை வைத்தும் நிரூபிக்கலாம் என்று ஒரு வழியையும் திறந்துவிட்டது. ஆனால் அதே வழக்கு அடுத்த ஆண்டு சிறிய அமர்வுக்கு வந்தபோது, லஞ்சம் கேட்டது நிரூபிக்கப்படவில்லை என்று அந்தப் பெண் அலுவலர் விடுதலையானார். நிரூபணம் அவ்வளவு கடினம்.

சரி, இத்தனை தடையையும் தாண்டிக் கர்நாடகம் எப்படி வென்றது? உயர் நீதிமன்றத்தின் முடிவு 'சாத்தியமான இரண்டாவது பார்வை' என்ற வகையிலேயே வராது, அது சாட்சியத்தைப் பார்க்காமல் வந்த முடிவு என்று காட்டினார்கள். 2016 பிப்ரவரி 23 அன்று தொடங்கிய இறுதி வாதத்தில் ஆச்சார்யாவும் துஷ்யந்த் தவேயும் கர்நாடகத்துக்காக நின்றார்கள், ஜூன் 7 அன்று தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. இடையே மே மாதத் தேர்தலில் அ.தி.மு.க. மறுபடி வென்றது, ஜெயலலிதா மறுபடி முதல்வரானார், டிசம்பர் 5 அன்று காலமானார். தீர்ப்பு அப்போதும் வரவில்லை. ஒத்திவைத்த எட்டு மாதத்தை நான் குறையாகவே சொல்வேன். குற்றமுள்ளவர் என்றாலும் அற்றவர் என்றாலும், உயிரோடு இருக்கும்போது அவருக்கு ஒரு முடிவு சொல்லியிருக்க வேண்டும்.

2017 பிப்ரவரி 14 அன்று நீதிபதிகள் பினாகி சந்திர கோஷ், அமிதவ ராய் அமர்வு 570 பக்கத்தில் தீர்ப்புச் சொன்னது. கடன் கூட்டல் பிழையை எடுத்துக் காட்டி, சரியாகக் கூட்டினால் 76 விழுக்காட்டுக்கு மேல் வருகிறது என்று எழுதினார்கள். அதோடு நிறுத்தவில்லை. கட்டடச் செலவு, திருமணச் செலவு, சந்தா வைப்பு, ஜெயலலிதாவுக்கு வந்ததாகக் காட்டிய பிறந்தநாள் பரிசு என்று ஒவ்வொரு தலைப்பாக எடுத்து, விசாரணை நீதிமன்றம் சாட்சியத்தை அலசியிருக்கிறது, உயர் நீதிமன்றம் அப்படிச் செய்யவில்லை என்று காட்டினார்கள். வருமான வரித் துறை ஒரு கணக்கை ஏற்றுக்கொண்டது என்பதாலேயே அந்தப் பணம் சட்டப்படி வந்தது என்று ஆகிவிடாது என்றார்கள். என் பார்வையில் இந்தத் தீர்ப்பில் பின்னாளில் அதிகம் பயன்படப்போவது இந்த இடம்தான், ஏனென்றால் சொத்துக் குவிப்பு வழக்குகளில் எதிர்த்தரப்பு முதலில் தூக்கிக் காட்டுவது வருமான வரி உத்தரவைத்தான், அதுவும் பல சமயம் வழக்குப் பதிவான பிறகு தாக்கல் செய்த கணக்கின் மேல் வாங்கிய உத்தரவாக இருக்கும். பத்து விழுக்காட்டுக் கதையையும், அது அக்னிஹோத்ரி வழக்கின் சூழலுக்குச் சொன்னது, பொது விதி அல்ல என்று ஒதுக்கினார்கள்.

ஜெயலலிதா இறந்துவிட்டதால் அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போனது. மற்ற மூவரும் பொது ஊழியர்கள் அல்ல, அவர்களை எப்படித் தண்டிப்பது என்ற கேள்வி இருந்தது. பொது ஊழியர் அல்லாதவரும் இந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருக்க முடியும் என்று 1999-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது, அந்த வழியில்தான் போனார்கள். முதல் குற்றவாளி செய்தது என்ன என்று முடிவு செய்யாமல் உடந்தையைப் பற்றிப் பேச முடியாது, எனவே இறந்தவர் குறித்த கண்டறிதல்கள் முழுவதும் தீர்ப்பில் இருக்கின்றன. போயஸ் தோட்டத்து வீட்டில் அந்த மூவரையும் மனிதாபிமானத்தால் தங்க வைத்ததாக எடுத்துக்கொள்ள முடியாது, சொத்துகளை அவர்கள் பெயரில் வைத்துக்கொள்ளத்தான் என்பது நீதிமன்றம் எடுத்த முடிவு. ஒன்பது நாள் முன்பு, பிப்ரவரி 5 அன்றுதான், சசிகலா அ.தி.மு.க. சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். 15-ஆம் தேதி அவர் பெங்களூரில் சரணடைந்தார்.

மற்ற வழக்குகளில்

இப்படி வேறு மாநிலத்திடம் சாவி போவது அபூர்வம். மற்ற வழக்குகளில் என்ன நடக்கிறது என்று இரண்டு பக்கமும் பார்க்கலாம். க. பொன்முடியும் அவர் மனைவியும் வருமானத்துக்கு மீறிச் சொத்து சேர்த்ததாகத் தொடரப்பட்ட வழக்கில் 2016 ஏப்ரலில் விழுப்புரம் நீதிமன்றம் விடுதலை செய்தது. அப்போது ஆட்சி அ.தி.மு.க., லஞ்ச ஒழிப்புத் துறை 2017-ல் மேல்முறையீடு செய்தது. அது விசாரணைக்கு வந்து முடிந்தது தி.மு.க. ஆட்சியில், அவர் அமைச்சராக இருந்தபோது. 2023 டிசம்பர் 19 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஜி. ஜெயச்சந்திரன் விடுதலையை ரத்து செய்தார், 21-ஆம் தேதி மூன்று ஆண்டு சிறை, தலா 50 லட்சம் அபராதம் என்றார். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை நிறுத்திவைத்தது, அவர் மறுபடி அமைச்சரானார். வழக்கின் சரி தப்பு அந்த நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. நான் கவனிப்பது தேதிகளை: மேல்முறையீடு தாக்கலானது அவருக்கு எதிரான கட்சி ஆட்சியில் இருந்தபோது.

தாக்கல் செய்ய ஆளில்லாமல் போன வழக்குகள் இன்னும் வருத்தம் தருபவை. ஆட்சி மாறியதும் லஞ்ச ஒழிப்புத் துறை தன் பழைய புலன்விசாரணையையே மாற்றி வேறோர் அறிக்கை கொடுப்பதும், அதை வைத்து நீதிமன்றம் விடுவிப்பதும், அரசு மேலே போகாமல் இருப்பதும் இரு கட்சி ஆட்சியிலும் நடந்ததாகச் சொல்லித்தான் அதே உயர் நீதிமன்றத்தின் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2023-ல் பல வழக்குகளைத் தானாக முன்வந்து எடுத்தார். கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன், தங்கம் தென்னரசு, ஓ. பன்னீர்செல்வம் என்று அந்த வரிசையில் இரு தரப்பும் உண்டு. சிலவற்றில் விடுவிப்பை அவர் 2024-ல் ரத்து செய்தார், அவற்றுக்கு உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது. ஒரு நீதிபதி தானாக எடுத்தால்தான் நகரும் என்ற நிலை இருக்கிறதே, அதுவே கவலைக்குரியது. அரசு போகவில்லை என்றால் ஏன் போகவில்லை என்று எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும் என்றோ, ஆளும் கட்சியினர் மீதான வழக்குகளில் இந்த முடிவை அமைச்சரவை கையிலிருந்து எடுத்துத் தனியான ஒரு வழக்குத்தொடர்வு இயக்குநரிடம் கொடுக்க வேண்டும் என்றோ சட்டம் வந்தால் ஒழிய, 90 நாள் கழித்து எல்லா விடுதலையும் தானாக உறுதியாகிவிடும்.

கடைசியாக அபராதம். ஜெயலலிதாவுக்கு விதித்த 100 கோடியை அவரது சொத்திலிருந்து வசூலிக்க வேண்டும் என்று கர்நாடகம் மறுஆய்வு மனு போட்டது, 2017 ஏப்ரலில் அது தள்ளுபடியானது. சசிகலா தன் 10 கோடியை 2020 நவம்பரில் கட்டி, 2021 ஜனவரி 27 அன்று வெளியே வந்தார். கட்டாத சுதாகரன் கூடுதல் சிறையையும் முடித்து அந்த ஆண்டு அக்டோபரில்தான் வந்தார். பெங்களூருவில் வைக்கப்பட்டிருந்த சுமார் 27 கிலோ தங்க, வைர நகைகள் 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசிடம் ஒப்படைக்கப்பட்டன.